சர்க்கார் கணக்கும் நம் கூலியும்

(அவிநாசிபாளையத்தில் பனியன், விசைத்தறி, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே!

புள்ளிவிவரம் பற்றிப் பேச்சு என்று நோட்டீஸில் பார்த்ததும், "இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். ஒன்றரை ஷிப்ட் நின்று செக்கிங் பார்த்துவிட்டு, கம்பெனி வேனில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பொங்கலூர்ப் பக்கமிருந்து வெங்காயக் காட்டு வேலை முடித்து வந்த தாய்மார்களும் இருக்கிறார்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம். சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அந்தச் சம்பளம் சிம்லாவிலும் டில்லியிலும் ஜினீவாவிலும் எழுதப்படுகிற கணக்கோடு எப்படி முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்பதே இன்றைய விஷயம்.

1984ஐ மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல்! என்ன கோரிக்கை? பஞ்சப்படி. விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதலாளி வாசலில் நின்று கெஞ்சாமல் தானாக ஏற வேண்டும். பஞ்சப்படியின் சாரம் இவ்வளவுதான்.

ஆனால் விலை ஏறியது என்று யார் சொல்வது? நாம் சொன்னால் முதலாளி ஒப்பமாட்டார். முதலாளி சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். ஆகவே இருவருக்கும் நடுவே ஓர் எண் வந்து உட்காருகிறது. அதற்கு விலைவாசிக் குறியீடு என்று பெயர். அந்த எண்ணைத் தயாரிப்பது சர்க்கார். 127 நாள் பட்டினி கிடந்து பஞ்சப்படியை வாங்கினாலும், அந்த எண் தவறாக இருந்தால் வாங்கியது கையைவிட்டுப் போகும். சத்தமில்லாமல் போகும். யாரும் கதவடைப்புச் செய்ய வேண்டியதில்லை, ஆள் குறைப்புச் செய்ய வேண்டியதில்லை.

இந்தக் குறியீடு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1940ல் யுத்தத்தால் விலைவாசி ஏறியபோது ஜி.ஐ.பி. ரயில்வே தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டார்கள். நீதிபதி பி.என். ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைத்தார்கள். பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்தவரே இவர். விசாரணையில் வெளிப்பட்ட உண்மை என்னவென்றால், விலை எவ்வளவு ஏறியது என்று நாடு முழுவதற்கும் ஒரே சீராகச் சொல்லக்கூடிய கணக்கு வெள்ளைக்கார சர்க்காரிடம் இல்லை! பம்பாய் போன்ற சில இடங்களில் மட்டும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. ராவ் மன்றத்தின் சிபாரிசுப்படி 1941ல் சிம்லாவில் ஓர் இலாகா திறந்தார்கள். 1946 அக்டோபரில் அதுவே லேபர் பீரோ ஆயிற்று. இன்றும் மாதந்தோறும் குறியீட்டை வெளியிடுவது அந்த லேபர் பீரோதான். ரயில்வே தொழிலாளி பஞ்சப்படி கேட்டிராவிட்டால் அந்த இலாகாவே அப்போது பிறந்திராது.

குறியீடு போடுவது பெரிய மந்திரமல்ல. முதலில் சில ஆயிரம் தொழிலாளர் குடும்பங்களைப் பிடித்து, மாதம் எதற்கெல்லாம் எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை, துணி, பஸ் கட்டணம், பள்ளிக்கூடம், மருந்து. நூறு ரூபாய்ச் செலவில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ரூபாய் போகிறதோ அதுதான் அந்தச் சாமானின் எடை. பிறகு, குறிப்பிட்ட சந்தைகளில், குறிப்பிட்ட கடைகளில், அதே ரகச் சாமானின் விலையைத் தவறாமல் எழுதி வருகிறார்கள். ஆரம்ப வருஷத்தை 100 என்று வைத்து, இப்போது எவ்வளவு என்று எடை போட்டுக் கூட்டுகிறார்கள். ஆலைத் தொழிலாளர் குறியீட்டுக்கு ஆரம்ப வருஷம் முன்பு 1960, பிறகு 1982, பிறகு 2001. 2020 செப்டம்பர் முதல் 2016. நாடெங்கும் 88 நகரங்களில் விலை எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் கோயம்புத்தூர் அதில் ஒன்று.

இதில் எங்கெல்லாம் தப்பு நுழையலாம்? எந்தக் குடும்பத்தைக் கேட்டார்கள் என்பதில் நுழையலாம். எந்தக் கடையில் விலை எடுத்தார்கள் என்பதில் நுழையலாம். ஒரு ரகச் சாமான் கடையிலிருந்து மறைந்து, அதன் இடத்தில் கூடுதல் விலையில் வேறு ரகம் வந்தால், அதை விலை ஏற்றம் என்று எழுதுவதா, வேறு சாமான் என்று தள்ளுவதா என்பதில் நுழையலாம். வாடகை விஷயத்திலோ கேட்கவே வேண்டாம்.

இது வெறும் சந்தேகமல்ல. பம்பாய்த் தொழிலாளி இதை நிரூபித்துக் காட்டினான். விலைவாசி கண்ணெதிரே ஏறிக்கொண்டிருக்க, குறியீடு மட்டும் நொண்டி நடை போட்டது. ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படியும் அதோடு சேர்ந்து நொண்டியது. தொழிற்சங்கங்கள், "குறியீடே மோசடி" என்று கிளம்பின. 1963 ஆகஸ்ட் 20 அன்று பம்பாய் நகரமே நின்றது. மகாராஷ்டிர சர்க்கார் பேராசிரியர் லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழு போட்டது. குழு கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. குறியீடு உண்மையைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கிறது என்று கண்டு திருத்தத்தைச் சிபாரிசு செய்தது. ஆமதாபாத் குறியீட்டைப் பற்றியும் குஜராத்தில் இதேபோல விசாரணை வந்தது. ஆலையில் வேலை செய்கிறவன் நிபுணனின் கூட்டல் கழித்தலில் பிழை கண்டுபிடித்தான் என்பதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது. அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? மளிகைக் கடைச் சீட்டை வைத்துக்கொண்டு!

இப்போது இன்னொரு நுட்பத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆலைத் தொழிலாளர் குறியீட்டில் சாப்பாட்டுச் சாமானின் எடை 1982 வரிசையில் 57. 2001 வரிசையில் 46.2. 2016 வரிசையில் ஏறக்குறைய 39. சாப்பாட்டு விலை நூற்றுக்கு 25 ஏறுகிறது, மற்றதெல்லாம் அசையாமல் நிற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 57 எடையில் குறியீடு 14 புள்ளிக்கு மேல் ஏறும். 39 எடையில் 10 புள்ளிகூட ஏறாது. அரிசி விலை ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான், பஞ்சப்படி மட்டும் வேறு வேறு.

உடனே "எடையைக் குறைத்தது சூழ்ச்சி" என்று முழங்கிவிடலாம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். வாடகைக்கும் வைத்தியத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் பணம் ஓடுவது முன்னைவிடக் கூடிவிட்டது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அறிவோம். நூறில் அவற்றின் பங்கு கூடினால் சாப்பாட்டின் பங்கு குறையத்தான் செய்யும். ஆனால் கட்டிங் மாஸ்டர் வீட்டுச் செலவும் கைமடிக்கிற பெண்ணின் வீட்டுச் செலவும் ஒன்றா? அவள் வீட்டில் இன்னும் பாதிக்கு மேல் அடுப்புக்கே போகிறது. சராசரி என்ற பாயில் இருவரையும் படுக்க வைத்தால் குட்டையானவளுக்குப் பாய் மிஞ்சும், நெட்டையானவனுக்குக் கால் தரையில் கிடக்கும். இது போதாதென்று, தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் பஞ்சப்படியைச் சென்னை நகரக் குறியீட்டோடு கட்டியிருக்கிறார்கள். அவிநாசிபாளையம் தொழிலாளியின் படி சைதாப்பேட்டைச் சந்தை விலையைப் பார்த்து ஏறி இறங்குகிறது!

எடை கூடுதலாக இருந்தால் மட்டும் நமக்கு லாபமா? அதுவும் இல்லை. விவசாயத் தொழிலாளர் குறியீட்டின் கதையைக் கேளுங்கள். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 1986-87ஐ ஆரம்ப வருஷமாக வைத்துப் போட்ட அந்தக் குறியீட்டுக்கு, எடைகள் 1983ல் எடுத்த செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. அதில் சாப்பாட்டுக்கு மட்டும் 69 பங்கு. அந்தக் காலத்துக்கு அது சரி. அப்போது கைப்பேசி கிடையாது, ஆங்கிலப் பள்ளி வேன் கிடையாது, தனியார் ஆஸ்பத்திரி ஸ்கேன் கிடையாது. ஆனால் அதே எடைகளை வைத்துக்கொண்டே 2025 வரை ஓட்டினார்கள்! சுமார் நாற்பது வருஷம்! குறியீடு 1,300ஐத் தாண்டிப் போனது. எடை மட்டும் மாறவில்லை. 2025 ஜூன் மாதக் கணக்கிலிருந்துதான் 2019ஐ ஆரம்பமாக வைத்த புது வரிசை வந்தது.

இதனால் யாருக்கு நஷ்டம்? 2011 முதல் நூறுநாள் வேலைக் கூலியை உயர்த்துவதற்கு அளவுகோலாக இருந்தது இந்தக் குறியீடுதான். வெங்காயமும் தக்காளியும் விலை சரிந்த வருஷத்தில் குறியீடு ஏறாமல் நின்றது. அந்த வருஷம் நிலத்துக்காரருக்கும் நஷ்டம் என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரிச் செலவும் பஸ் செலவும் எகிறியிருந்தாலும், நாற்பது வருஷத்துப் பழைய தராசில் அவற்றுக்கு எடை இல்லை. ஆகவே கூலியும் நகரவில்லை. 2025-26க்குத் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளுக்கு 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 336 எப்படி வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? 1983ஆம் வருஷத்துக் குடிசையின் செலவுக் கணக்கு அதற்குள் உட்கார்ந்திருந்தது.

விலைக் கணக்கு இது. இனி ஆள் கணக்குக்கு வருவோம்.

நாட்டில் வேலையில்லாதவர் நூற்றுக்கு எத்தனை பேர்? 2011-12ல் தேசிய மாதிரி சர்வே எடுத்தார்கள். ஒரே சர்வே, அதே வீடுகள், அதே ஜனங்கள். விடை மூன்று வந்தது: 2.2, 3.7, 5.6! மூன்றும் சர்க்காரே அச்சிட்டவை. எப்படி இது? கேள்வி மூன்று. "வருஷத்தில் வழக்கமாக என்ன செய்தாய்?" என்று கேட்டால் 2.2. "போன ஏழு நாளில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் 3.7. ஒவ்வொரு நாளையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்துக் கேட்டால் 5.6. பேராசிரியர் தந்த்வாலா தலைமையில் ஒரு குழு 1970ல் கொடுத்த அறிக்கைதான் இதற்கு அடிப்படை. மேல்நாட்டில் ஆள் ஒன்று வேலையில் இருப்பான், அல்லது வேலையில்லாமல் இருப்பான். நம் நாட்டிலோ காலையில் காட்டில் களை எடுத்து, மத்தியானம் வீட்டில் மாட்டைப் பார்த்து, மறுநாள் வேலை கிடைக்காமல் உட்காருகிறவர்களே அதிகம், ஒரே எண்ணில் இதை அடைக்க முடியாது என்று அந்தக் குழு சொன்னது. நல்ல யோசனை. ஆனால் மந்திரிகள் மேடையில் சொல்வது எந்த எண்ணை என்று நினைக்கிறீர்கள்? 2023-24க்கு 3.2 என்று முழங்கினார்களே, அது முதல் கேள்வியின் விடை.

வாரக் கேள்விக்கு ஒரு விதி உண்டு. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர்! இந்த ஒரு மணி நேர விதியைக் கேட்டதும் தோழர்களுக்குக் கோபம் வருகிறது. எங்கிருந்து வந்தது இது?

ஜினீவாவிலிருந்து. 1919ல் ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஏற்பட்டது. இந்தியா தொடக்கம் முதலே அதில் அங்கம். 1923 முதல் தொழில் புள்ளிவிவர நிபுணர்களின் சர்வதேச மாநாடு அங்கே கூடி வருகிறது. சர்க்கார் ஆட்களோடு முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் அதில் கலந்துகொள்ளும். எதற்கு வேலை என்று பெயர், எதற்கு வேலையின்மை என்று பெயர், எந்த வாரத்தைக் கேட்பது என்றெல்லாம் அங்கே தீர்மானம் போடுகிறார்கள். ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் படி ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? அங்கே 1982ல் போட்ட தீர்மானம்தான் ஒரு மணி நேர விதியை உலகெங்கும் பரப்பியது.

அந்த விதியை மட்டும் நாம் குறை சொல்வதற்கில்லை. நாட்டில் நடக்கிற உழைப்பு ஒரு துளியும் விடுபடாமல் எண்ண வேண்டும் என்பதற்காக வைத்த சல்லடை அது. வேலை போதாமல் தவிப்பவர்களைத் தனியாக எண்ணிக் காட்டு என்பதும் அதே மாநாடுகளின் தீர்மானமே. சல்லடையில் பிடித்ததை முழுதாகக் காட்டாமல், ஒரு மணி நேரக்காரனையும் பன்னிரண்டு மணி நேரக்காரனையும் ஒரே குவியலில் போட்டு, "பார், எல்லோருக்கும் வேலை!" என்று கைகொட்டுவதுதான் பித்தலாட்டம்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கேள்விகள் செய்கிற வேலையைப் பாருங்கள். 1961 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் உழைக்கும் பெண்கள் ஏறக்குறைய ஆறு கோடி. 1971ல் அது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது! பத்து வருஷத்தில் மூன்று கோடிப் பெண்கள் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார்களா? களையெடுப்பு நின்றதா, நடவு நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. 1961ல் கொஞ்ச நேரம் வேலை செய்தவரையும் உழைப்பாளி என்று எண்ணினார்கள். 1971ல் "உன் பிரதானத் தொழில் என்ன?" என்று கேட்டார்கள். வீட்டு வேலைதான் பிரதானம் என்று எழுதப்பட்ட அத்தனை பெண்களும் கணக்கிலிருந்து மறைந்தார்கள். எதிர்ப்பும் குழப்பமும் கிளம்பி, 1981ல் முழு உழைப்பாளி, குறு உழைப்பாளி என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

இப்போது எதிர்த்திசையில் ஓட்டம். 2017-18ல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 23.3 பேர் உழைப்பாளர் படையில் என்றார்கள், 2023-24ல் 41.7 என்றார்கள். மகத்தான முன்னேற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே போய்ப் பார்த்தால், வேலை செய்வதாக எண்ணப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் குடும்பத் தொழிலிலோ குடும்ப நிலத்திலோ சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள். அவர்கள் உழைப்பதை எண்ணியது சரி. நாமும் அதைத்தான் கேட்கிறோம். ஆனால் ஒரு பைசா கூலி வராத உழைப்பை வேலைவாய்ப்புப் பெருக்கம் என்று கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்?

நம் ஊரிலேயே பார்ப்போம். கம்பெனியிலிருந்து மூட்டை வீட்டுக்கு வருகிறது. அம்மாவும் மகளும் பிசிறு வெட்டுகிறார்கள், பட்டன் கட்டுகிறார்கள், பீஸுக்கு இத்தனை பைசா. சர்வேக்காரர் வருகிறார். வீட்டுக்காரரைக் கேட்கிறார், "உங்க சம்சாரம் என்ன பண்றாங்க?" இவர் என்ன சொல்கிறார்? "அது சும்மா வூட்லதானுங்க இருக்குது!" தோழர்களே, சிரிக்கிறீர்கள். அந்த "சும்மா" என்ற வார்த்தைக்கு சர்க்கார் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது: 92. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று பொருள். அவள் உழைப்பு அத்தோடு நாட்டுக் கணக்கிலிருந்து அழிந்தது. சரியாகச் சொன்னாலும் 11 என்று போடுவார்கள், அதாவது சொந்தத் தொழில் செய்பவர்! மூட்டை யாருடையது, ரேட் யார் நிர்ணயிப்பது என்று பார்த்தால் அவள் யாருக்கு வேலை செய்கிறாள் என்பது வெளிச்சம். 2018ல் ஜினீவா மாநாடு, பெயருக்குச் சொந்தத் தொழில், உண்மையில் பிறரை அண்டிய உழைப்பு என்கிற இந்த இனத்துக்குத் தனி வகை வகுத்திருக்கிறது. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கான 1996ஆம் வருஷத்து ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்கவில்லை.

தொழிற்சாலைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வருஷாவருஷம் தொழிற்சாலை சர்வே எடுக்கிறார்கள். அதில் விடை சொல்வது முதலாளியின் கணக்குப் புத்தகம். இந்த சர்வேயில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதல். பெருமைதான். ஆனால் யார் தொழிற்சாலை? மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று பழைய தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதுத் தொகுப்புச் சட்டம் இதை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. 15 மிஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட் நேற்றுவரை தொழிற்சாலை. இன்று சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலை இல்லை. மிஷினும் அதேதான், தூசியும் அதேதான். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை எப்படி யூனிட் யூனிட்டாகச் சிதறியது என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். அப்படிச் சிதறிய இடமெல்லாம் இந்த வாசலில்தான் கணக்கை விட்டு வெளியே போகிறது. பதிவுள்ள தொழிற்சாலைகளிலும் பத்தில் நான்கு பேர் காண்டிராக்ட் ஆட்கள் என்று அதே சர்வே சொல்கிறது.

எண்ணுவது ஒரு பாதி. எண்ணியதை நாட்டுக்குச் சொல்வது மறு பாதி. 2017-18 சர்வேயின் கதை இதற்குச் சாட்சி. அதுவரை சில வருஷத்துக்கு ஒரு முறை எடுத்ததை நிறுத்தி, 2017ல் இடைவிடாத சர்வேயாக மாற்றினார்கள். முதல் அறிக்கையைத் தேசியப் புள்ளிவிவரக் கமிஷன் பார்த்து ஒப்புதலும் கொடுத்தது. ஆனால் வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் கமிஷனின் உறுப்பினர்கள் இருவர், பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும், ராஜினாமா செய்தார்கள். அறிக்கையின் எண்கள் பத்திரிகையில் கசிந்தன. வேலையின்மை 6.1, 1972-73ல் இந்த சர்வேக்கள் தொடங்கிய காலம் முதல் காணாத அளவு! தேர்தல் முடியும்வரை அறிக்கை பூட்டில் இருந்தது. 2019 மே 30ல் புதிய மந்திரிசபை பதவியேற்றது. மே 31ல் அறிக்கை வெளிவந்தது. எண் அதே 6.1. சர்வே முறை மாறிவிட்டது, பழையதோடு ஒப்பிடக்கூடாது என்று சர்க்கார் சமாதானம் சொன்னது. முறை மாறியது உண்மைதான். ஆனால் முறை மாறியதற்காக நான்கைந்து மாதம் ஒளித்து வைப்பானேன்?

சர்வதேச ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1985ல் ஐ.எல்.ஓ. 160ஆம் எண் உடன்படிக்கை போட்டது. வேலை, வேலையின்மை, கூலி, வேலை நேரம், விலைக் குறியீடு, குடும்பச் செலவு, விபத்து, தொழில் தகராறு எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் கிரமமாக எடுத்து வெளியிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. இந்தியா 1992ல் கையெழுத்திட்டது. எந்த விதிக்கு? 8ஆம் விதி ஒன்றுக்குத்தான்! அது உழைப்பாளர் படையின் அமைப்பு பற்றியது. மற்றக் கணக்குகளை எடுக்காமல் இல்லை, எடுக்கிறார்கள்; ஆனால் உலகத்தின் முன் கடமைப்பட்டு எடுக்கவில்லை. அந்த உடன்படிக்கையின் 3ஆம் விதி நமக்கு முக்கியம். கணக்கெடுக்கும் முறையை வகுக்கும்போது தொழிலாளர் ஸ்தாபனங்களைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கோயம்புத்தூரில் எந்தக் கடையில் விலை எடுக்கிறீர்கள் என்று யூனியன் எழுதிக் கேட்பது அத்துமீறல் அல்ல.

புள்ளிவிவரத்தை வெறுப்பது நம் மரபும் அல்ல. மார்க்ஸ் "மூலதனம்" எழுதியபோது இங்கிலாந்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளைக் கரைத்துக் குடித்தார். லெனார்டு ஹார்னர் என்ற இன்ஸ்பெக்டரை மனமாரப் பாராட்டினார். 1880ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறக்குறைய நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றையும் தயாரித்தார். உன் ஆலையில் எத்தனை பேர், வேலை நேரம் எவ்வளவு, கூலி எப்போது தருகிறார்கள் என்று தொழிலாளியையே கேட்கும் பட்டியல் அது.

ஆகவே நம் பகுதியில் ஒரு சின்னக் காரியம் தொடங்குவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். பத்துக் குடும்பம், பத்து நோட்டு. பனியன் கம்பெனி நான்கு, விசைத்தறி மூன்று, காட்டு வேலை மூன்று. மாதச் செலவை எழுதி வருவது. எந்தக் கடை, என்ன ரகம், என்ன விலை என்றும் எழுத வேண்டும். "அரிசி" என்று மட்டும் எழுதினால் உதவாது. வருஷக் கடைசியில் லேபர் பீரோவின் கோயம்புத்தூர் எண்ணோடு வைத்துப் பார்ப்போம். பத்துக் குடும்பம் நாட்டுக் கணக்கு ஆகாது என்பது தெரியும். ஆனால் கூலிப் பேச்சுவார்த்தை மேஜையில் வைக்கக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் இரண்டுக்கு இங்கேயும் பதில் தருகிறோம்.

"எங்க வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததே இல்லையே?" என்று ஒரு தோழர் கேட்டார். வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2025 ஜனவரி முதல் மாற்றிய முறைப்படி வருஷத்துக்குச் சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் வீடுகள், பொறுக்கி எடுத்த ஊருக்கு 12 வீடு. ஆயிரம் வீட்டுக்கு மேல் ஒரு வீடு என்ற கணக்கு. அப்படியானால் அந்த ஒரு வீட்டில் "சும்மா" என்று சொன்னால் ஆயிரம் பெண்கள் சும்மா ஆகிவிடுகிறார்கள். கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்த் தோழர்களை ஆளுக்கொரு குடும்பமாக எண்ண வேண்டும் என்பது விதி. கேட்டைத் திறந்துவிட்டால்தானே எண்ணுவதற்கு! சர்வேக்காரர் வந்தால் பக்கத்து விடுதியிலும் ஆள் இருப்பதைச் சொல்லுங்கள். அது மட்டுமல்ல, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு எல்லா வீட்டுக்கும் வருவார்கள்.

"பீஸ் ரேட்டையும் ஓவர்டைமையும் உள்ளபடி சொன்னால் கம்பெனிக்குத் தெரிந்துவிடாதா, ரேஷன் கார்டுக்கு ஆபத்து வராதா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான பயம். புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் என்று 2008ல் ஒரு சட்டம் இருக்கிறது. சர்வேக்குச் சொன்ன விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். ஆளை அடையாளம் தெரியும்படி வெளியிடக்கூடாது. மீறினால் தண்டனை உண்டு. வருகிறவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். எந்த சர்வே என்று கேளுங்கள். வீட்டில் ஆண்பிள்ளை பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும், உங்கள் வேலையைப் பற்றிய கேள்விக்கு நீங்களே வெளியே வந்து பதில் சொல்லுங்கள். காலை எத்தனை மணிக்கு மூட்டையைப் பிரித்தீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குக் கட்டினீர்கள், டஜனுக்கு என்ன ரேட் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் கையிலிருக்கும் கருவியில் என்ன எண் போட்டார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.